தேவலை என்ற சொல்

2024 மார்ச்சில் ஒரு நாள் காலை, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் விளக்கணைத்த அறையில் என் அம்மாவின் இரைப்பையை நான் பார்த்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் கூப்பிட்டார், போய் நின்றேன். திரையில், இரைப்பையின் கீழ்க்கோடியில், சிறுகுடல் தொடங்கும் வாயை நோக்கிச் சிவப்பு வரிகள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. உள்தோலுக்கு மிக அருகில் வீங்கி வரிசை கட்டி நின்ற நுண்ணிய ரத்தக்குழாய்கள் அவை. இரண்டு மூன்று இடங்களில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. 'வாட்டர்மெலன் ஸ்டமக்' என்றார் டாக்டர். தர்ப்பூசணி வயிறு.

இந்த வியாதியை 1953-இலேயே விவரித்துவிட்டார்கள். தர்ப்பூசணி என்ற பெயர் 1984-இல்தான் வந்தது. அந்தப் பழத்தின் மேல்தோலில் ஓடும் பட்டைகளை யாரோ ஒருவர் இரைப்பைக்குள் பார்த்திருக்கிறார். நோயை உருவகமாக்குவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்று சூசன் சொண்டாக் 1978-இல் ஒரு புத்தகமே எழுதினார். பி.ஏ. முடித்த வருஷத்தில் அதைப் படித்துவிட்டு முழுவதுமாக ஒப்புக்கொண்டவன் நான். ஆனால் இந்த உருவகம் வேறு மாதிரி. எதையும் அர்த்தப்படுத்துவதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. வைத்தியர்களின் படிமங்களில் சில நம் கவிஞர்களுடையவற்றைவிட ஒழுக்கமானவை என்று அந்த அறையில் நின்றுகொண்டு நினைத்தேன். அம்மா வாயில் குழாயோடு படுத்திருக்கும்போது எனக்கு இப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்தே இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நான் எழுத நினைப்பது வேறொன்று. குணப்படுத்தாத, ஆனால் செய்யாமலிருக்கவும் முடியாத ஒரு சிகிச்சையை, அதைப் பெறுகிறவரிடம் எந்தச் சொல்லால் சொல்வது? இதில் நான் தவறு செய்தேன். தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாக அம்மாவுக்கு அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. வயசானால் அப்படித்தான் என்று இருவரும் தீர்மானித்துவிட்டோம். கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. அந்த மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். இரைப்பையில் கசியும் ரத்தமும் அமிலம் பட்டு, குடல் வழியே போய், மலத்தைக் கறுப்பாக்கும். ஆகவே 'கறுப்பா போறதுடா' என்று அம்மா சொன்ன அன்று என்னிடம் பதில் தயாராக இருந்தது. மாத்திரை, அம்மா. மாத்திரையால் வருவது.

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். சாயங்காலம் கணக்கு உதைத்தால், எங்கே உதைக்கிறது என்று தேடாமல் அந்தத் தொகையை 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. அன்றைய கணக்கு நேராகிவிடும். ஓட்டை அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. நான் வாங்கிக் கொடுத்த மாத்திரையும் அப்படி ஒரு பதிவுதான். அம்மா கோயில் வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல்போன அன்று பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 5.6. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு பாட்டிலுக்குச் சுமாராக ஒரு புள்ளி ஏறும். மூல காரணம் கல்லீரல் என்றார்கள். குடிக்கிறவர்களுக்கு மட்டுமே வரும் என்று நாங்கள் நினைத்திருந்த சிரோசிஸ், சர்க்கரையாலும் கொழுப்பாலும் வருமாம். அது இருப்பவர்களில் சிலருக்கு இரைப்பையில் இந்த வரிகள் தோன்றுகின்றன. மருந்தில் சுலபமாக மறையாது. அந்தக் குழாய்களைச் சூடு போட்டு அடைக்க வேண்டும்.

சூடு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் புறமருத்துவம் முப்பத்திரண்டில் 'சுட்டிகை' ஒன்று. ரத்தத்தை நிறுத்த சுசுருதம் நான்கு வழிகள் சொல்கிறது. வாயைச் சேர்ப்பது, உறையச் செய்வது, பக்குவப்படுத்தி உலர்த்துவது ஆகியவற்றுக்குப் பிறகு கடைசியாக வருவது சுடுவது. மற்றவை தோற்றால்தான் நெருப்பு. மேற்கிலும் யுத்தகளங்களில் வெட்டுண்ட உறுப்பைக் காய்ச்சிய இரும்பால் தீய்த்துக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அம்ப்ருவாஸ் பாரே ரத்தக்குழாயை நூலால் கட்டலாம் என்று காட்டினார். ஆனாலும் நெருப்பு வைத்தியத்தை விட்டுப் போகவில்லை. நுனியை மெலிதாக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

உள்ளே போன கதை சுவாரஸ்யமானது. 1868-இல் ஃப்ரைபுர்கில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியாக நேரான குழாயை இரைப்பைக்குள் இறக்கினார். வளையாத குழாயை வித்தைக்காரரால் மட்டுமே விழுங்க முடியும், வெளிச்சமும் போதவில்லை. 1954-இல், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் வளைந்த பாதையிலும் பிம்பத்தைக் கொண்டு போகலாம் என்று லண்டனிலிருந்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்த பேஸில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் நண்பர்களோடு சேர்ந்து வளையும் குழாயைச் செய்தார். 1957-இல் அதை முதலில் தன் தொண்டைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகுதான் நோயாளிக்கு. இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவுக்குச் செய்தது ஆர்கான் வாயுவை வைத்து. ஜெர்மனியில் ட்யூபிங்கனில் 1991-இல் இதை வளையும் குழாய்க்கு ஏற்றதாக்கினார்கள். குழாயின் நுனியிலிருந்து ஆர்கான் வரும். அதில் உயர் அதிர்வெண் மின்சாரத்தைப் பாய்ச்சினால் வாயு நீலமாக ஒளிர்ந்து மின்சாரத்தைக் கடத்தும். நுனி தோலைத் தொடுவதில்லை. பொறி எட்டிய இடத்தில் தோல் வெந்து, குழாய் சுருங்கி, ரத்தம் உறைந்துவிடும். ஆழம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். இதில் என்னைக் கவர்ந்தது இது: ஈரம் உள்ள இடத்தில்தான் மின்சாரம் பாயும். வெந்து காய்ந்த இடம் அதைக் கடத்தாது. பொறி தானாகப் பக்கத்து ஈரத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே ஓரளவுக்கு அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் நெருப்பு. ஓரளவுக்குத்தான். ஒரே இடத்தில் கை தங்கினால், சுவர் மெலிந்த இடங்களில் ஓட்டை விழலாம். முன்பு லேசர் வைத்துச் செய்தபோது சூடு இன்னும் ஆழத்துக்குப் போயிற்று.

விமர்சனம் சுட வேண்டும் என்று இந்தப் பக்கங்களில் ஒரு முறைக்கு மேல் எழுதியவன் நான். நண்பர்கள் சிலருக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். உண்மையில் சுடுகிறவர் எப்படிச் சுடுகிறார் என்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இருபது நிமிஷம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டருக்குள் வேலை செய்தார். சுட்ட இடத்தை மறுபடி சுடவில்லை. நான் எழுதியவற்றில் சிலதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமென்று தோன்றியது. அது வேறொரு கட்டுரை.

முடிந்ததும் டாக்டர் தெளிவாகச் சொன்னார். 'இது குணமாக்குற சிகிச்சை இல்லை. அடைக்கிறோம். திரும்ப வரும். இன்னும் ரெண்டு மூணு தடவை செய்யணும், அதுக்கப்புறமும் தேவைப்படலாம்.' மூலம் கல்லீரலில் இருக்கிறது. கல்லீரலையே மாற்றினால் இந்தக் கசிவு நின்றுவிடுவதுண்டு. அம்மாவின் உடல்நிலையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதே நெருப்பு வேறொரு வியாதியில் வேறு விதமாக நடந்துகொள்கிறது. ஜார்ஜ் தியூலாஃபுவா என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-இல் விவரித்த ஒன்று உண்டு. இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு தமனி, மெலிய வேண்டிய இடத்தில் மெலியாமல் பருமனாகவே உள்தோலுக்கு அடியில் வந்து நிற்கும். ஒரு நாள் ஊசிமுனை அளவு துவாரம் விழும். ஆள் ரத்தமாக வாந்தி எடுத்துச் சரிவார். அங்கே காய்ந்த நுனியைக் குழாயின் மேல் அழுத்தி, இரண்டு சுவர்களையும் ஒட்டவைத்துச் சுடுவார்கள், கிளிப்பும் போடுவார்கள். சரியாக அடைபட்டுவிட்டால் பெரும்பாலும் விஷயம் அத்தோடு முடிந்தது. ஒன்றில் நெருப்பு முடித்துவைக்கிறது, மற்றதில் ஒத்திவைக்கிறது. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உறவினருக்கு இரண்டும் ஒரே சொல்தான்: 'சூடு வெச்சு நிறுத்திட்டாங்க.'

அம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததும் கேட்டாள், 'என்னடா சொன்னார்?' நான் சொன்னேன்: 'சரியாயிடும்மா. இன்னும் ரெண்டு தடவை. அதோட குணமாயிடும்.'

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் வந்தது. ஆனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதையே சொன்னேன். அப்போது யோசித்தேதான் சொன்னேன். ஆகஸ்டில் ஹீமோகுளோபின் 10.1 வந்தது. எதிர்வீட்டு மாமி விசாரித்தபோது அம்மா 'தேவலை' என்றாள். 'தேவலை என்ன, குணமாயிடுத்துன்னு சொல்லு' என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2025 ஜனவரியில் 6.9. மறுபடி அசதி, மறுபடி கறுப்பு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அம்மா எதிரிலேயே, 'நான்தான் முதல்லயே சொன்னேனே, இது திரும்பத் திரும்ப வரும்னு' என்றார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் அய்யம்பேட்டை தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, 'நீ ஏன்டா சொல்லல? சொல்லியிருந்தா கோயில்லயே தெரிஞ்சிருக்கும். திரும்பியும் வயசுன்னு நெனச்சிண்டு மூணு மாசம் உக்காந்திருந்தேன்' என்றாள்.

என் பொய் அவள் மனசைக் காப்பாற்றியதா இல்லையா என்று நான் விவாதித்துக்கொண்டிருக்கலாம். அவள் சொன்னது அதைவிட ஸ்தூலமானது. குணமாகிவிட்டது என்று நம்பியவள் கறுப்பைக் கவனிக்கவில்லை. மாத்திரை முதல் தடவை செய்ததை என் சொல் இரண்டாம் தடவை செய்தது.

நண்பரும் கவிஞருமான ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நீ மேற்கத்திய தனிமனிதக் கோட்பாட்டை உன் வீட்டுக் கூடத்தில் இறக்குகிறாய் என்றார். நம்மிடம் நோயாளி என்று தனியாக ஒருவர் இல்லை, குடும்பத்துக்கே நோய் வருகிறது, மகன் தெரிந்துகொண்டால் அம்மா தெரிந்துகொண்ட மாதிரி. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது ஒரு வகையில் சுமையை இறக்கிவைத்துத் தான் தப்பிப்பது. வேறொன்றும் சொன்னார்: மூலத்தைத் தொடாத சிகிச்சை, மூலத்தைத் தொடாத எழுத்து மாதிரி, இரண்டுமே சமாதானம்.

முதல் ஆட்சேபத்தில் பலம் இருக்கிறது. சொல்லிவிட்டுக் கைகழுவுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 'நம்மிடம்' என்பது எந்த வீடு? 2011-இல் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று என்று டாக்டர் வராந்தாவில் வைத்து அம்மாவிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். அன்று ராத்திரி மோர் சாதம் பிசைந்து கையில் கொடுத்துக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னாள். நான் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு, பீரோ சாவி எங்கே, இன்சூரன்ஸ் எங்கே என்று வரிசையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்த வழக்கம் இதுதான். அதை உடைத்தவன் ஆங்கில இலக்கியம் படித்த நான். டால்ஸ்டாயின் இவான் இலியிச்சை மரணத்தைவிட அதிகமாக வதைப்பது சுற்றியிருப்பவர்களின் பொய் என்று மாணவர்களுக்கு டியூஷன் எடுத்தவனும் நானே.

இந்தச் சமயத்தில் குலசேகர ஆழ்வாரின் நோயாளி நினைவுக்கு வந்தான். பெருமாள் திருமொழியில், வித்துவக்கோட்டுப் பதிகத்தில் வருகிறவன். கத்தியும் நெருப்பும் தன் உடம்பில் பட்ட பிறகும் வைத்தியனிடம் அவனுக்குள்ள பிரியம் தேய்வதில்லை; பக்தனுக்கு அவன் உவமை. கேள்வி கேட்காத சரணாகதிக்கு உதாரணமாகவே இதைப் படித்து வந்திருக்கிறோம். எனக்கு இப்போது வேறொன்று படுகிறது. அந்த நோயாளி விழித்திருக்கிறான். மயக்க மருந்து இல்லாத காலம். கத்தி கத்தி என்று தெரியும், நெருப்பு நெருப்பு என்று தெரியும். அவனிடம் போய், இது குளிர்ந்த களிம்பு, வலிக்காது என்று வைத்தியன் சொல்லியிருந்தால், முதல் சூட்டிலேயே அந்தப் பிரியம் செத்திருக்கும். தெரிந்துகொண்டு வைத்த பிரியமாக இருப்பதால்தான் அது தாங்குகிறது. எத்தனை தடவை சுடப்போகிறான் என்பது அவனுக்குத் தெரியாதே என்று கேட்கலாம். ஆமாம், தெரியாது. அம்மாவின் டாக்டருக்கும் எண்ணிக்கை தெரியாது. அம்மாவுக்கு நான் எண்ணிக்கையைக் கடன்பட்டிருக்கவில்லை. எண்ணிக்கை முடியவில்லை என்பதைக் கடன்பட்டிருந்தேன்.

ஹிர்ஷோவிட்ஸ் குழாயை முதலில் தான் விழுங்கிய விஷயத்தை இங்கேதான் வைக்கிறேன். அதனால் நோயாளியின் அனுபவம் அவருக்கு முழுவதும் கிடைத்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு இரைப்பையில் நோய் தேடி யாரும் குழாய் விடவில்லை. ஆனால் 'ஒன்றும் செய்யாது' என்று நோயாளியிடம் சொல்லும் முன் அந்தச் சொல்லை அவர் தன் தொண்டையில் சோதித்திருந்தார். நான் 'குணமாயிடும்' என்பதை எங்கும் சோதிக்கவில்லை.

நண்பரின் இரண்டாவது ஆட்சேபம் என் சொந்த எழுத்தின் மீதே விழுகிறது. மூலத்தைத் தொடாத எதுவும் சமாதானம் என்று பத்து வருஷமாக நானும் எழுதி வந்திருக்கிறேன். அம்மாவின் விஷயத்தில் மூலத்தைத் தொட வழியில்லை. அதற்காக அந்தக் கசிவு பொய்யாகிவிடுவதில்லை. அதை அடைப்பதும் பொய்யில்லை. ஆகஸ்டில் அவள் தானே மாடியேறிப் போய் வடாம் காயவைத்தாள். அது நடந்தது. சமாதானம் எப்போது பொய்யாகிறது என்றால், அடைத்ததைக் குணமென்று சொல்லும்போது. பொய் சிகிச்சையில் இல்லை. நான் அதன் மேல் ஒட்டிய பெயரில் இருந்தது. அம்மா அந்தப் பெயரை ஒட்டவே இல்லை. 'தேவலை' என்றாள். முன்புக்கு இப்போது பரவாயில்லை, நாளைக்கு எப்படியோ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சரியான ஆங்கிலச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. விஷயம் தெரியாமலே அவள் சரியான சொல்லைச் சொன்னாள். தெரிந்த நான் திருத்தினேன்.

இன்னொன்று பாக்கி. முதல் மூன்று தடவையும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். படிவத்தை என்னிடம்தான் நீட்டினார்கள். நானும் பேனாவை எடுத்தேன். அம்மா பக்கத்தில் நாற்காலியில் நினைவோடு உட்கார்ந்திருந்தாள். பத்தாவது வரை படித்தவள், பென்ஷன் பணத்துக்கு மாதா மாதம் கையெழுத்துப் போடுகிறவள். என் உத்தியோகமே கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. கணக்கு வைத்திருப்பவர் எதிரே நிற்கும்போது மகன் கையெழுத்துப் போட்ட செக்கை நான் பாஸ் பண்ணமாட்டேன்; எவ்வளவு நல்ல மகனாக இருந்தாலும் சரி. உடம்புக் கணக்கில் மூன்று தடவை பாஸ் பண்ணியிருக்கிறேன்.

2025 பிப்ரவரியில் நான்காம் தடவை. அம்மா டாக்டரிடம் தானே கேட்டாள்: எத்தனை தடவைதான் இருக்கும்? சொல்ல முடியாது என்றார். சூட்டுக்கு அடங்காவிட்டால் ரப்பர் வளையம் போட்டு இறுக்குகிற முறையும் இருக்கிறது, பார்க்கலாம் என்றார். வலிக்குமா? தொண்டையில் கொஞ்சம், வயிற்றில் இரண்டு நாள் எரிச்சல். செய்துகொள்ளாவிட்டால்? ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. படிவம் வழக்கம்போல என்னிடம் வந்தது. அவளிடம் தள்ளினேன். 'நீங்களே போடலாம் சார்' என்றாள் நர்ஸ். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்து, மெதுவாகப் போட்டாள்.

திரும்பி வரும்போது, உள்ளே பார்த்தால் எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒரு வருஷம் கழித்துத் தர்ப்பூசணியைச் சொன்னேன். சுட்ட இடமெல்லாம் வெளுப்பும் பழுப்புமாகப் புள்ளி விழுந்திருந்ததையும் சொன்னேன். 'கொட்டையும் போட்டாச்சா' என்று சிரித்தாள். மயக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

இப்போது ஒரு பழைய டைரியில் தேதி, ஹீமோகுளோபின், எத்தனாவது சூடு என்று அவளே எழுதி வைக்கிறாள். இரும்பு மாத்திரை தொடர்கிறது, ஆகவே நிறத்தை மட்டும் நம்புவதில்லை. மாதம் ஒரு முறை ரத்தம் எடுக்கிறோம். சென்ற மாதம் 9.2. அந்த எண்ணுக்கு நேராகத் 'தேவலை' என்று எழுதியிருக்கிறாள்.

எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு சஸ்பென்ஸ் பதிவாகிவிடும். என்றாவது ஒரு நாள் அந்த டைரியில் அவள் 'போதும்' என்று எழுதலாம். எழுத அவளுக்கு உரிமை உண்டு என்று இத்தனை பக்கம் வாதாடியிருக்கிறேன். அன்றைக்கு மறுபடியும் என் கை பேனாவுக்குப் போகும் என்றுதான் நினைக்கிறேன். அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை பாக்கியிருக்கிறது.